எட்டாவது நிமிடத்து வாசிப்பு

எமது கல்லூரியின் நூற்றாண்டு மலருக்கு ஆய்வுகூடத்தின் கதையை எழுதித் தரும்படி சங்கத்தினர் கேட்டார்கள். கட்டடம் எப்போது எழுந்தது, அலுமாரிகளை யார் அன்பளிப்புச் செய்தார்கள் என்பவற்றை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது அங்கு எடுக்கப்பட்ட வாசிப்புகளைப் பற்றி. வெப்பமானியைக் கண்ணால் பார்த்துக் கொப்பியில் எழுதிய வாசிப்பு முதல், உணரியும் மென்பொருளும் தாமாகவே எழுதிக்கொள்ளும் இன்றைய வாசிப்பு வரையான நெடிய வழியைப் பற்றி. அந்த வழியில் என்னுடைய பொய் ஒன்றும் கிடக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1994 ஆம் ஆண்டு நான் உயர்தர வகுப்பில் இருந்தேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. இரவில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம்; வானொலி கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றினோம். பௌதிகவியல் ஆய்வுகூடத்தின் கண்ணாடி அலுமாரியில் ரிக்கர் நாடாக் கருவி ஒன்று இருந்தது. செக்கனுக்கு 50 புள்ளிகளை நாடாவில் குத்தி, ஓடும் துரொல்லியின் வேகத்தைக் காட்டும் கருவி அது. ஆடலோட்ட மின்சாரம் இல்லாமல் அதனால் ஒரு புள்ளிகூட இட முடியாது. அதன் படத்தைப் புத்தகத்திலும் அதன் உடலை அலுமாரியிலும் பார்த்துத்தான் பரீட்சைக்கு ஆயத்தமானோம்.

ஆகவே மின்சாரம் தேவைப்படாத பரிசோதனைகளையே செய்தோம். அவற்றுள் ஒன்று நப்தலீனின் குளிரல் வளையி. சோதனைக் குழாயில் நப்தலீனை உருக்கி, வெப்பமானியை உள்ளே வைத்து, நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்பநிலையை எழுத வேண்டும். என் சோடி வெப்பமானியைப் பார்த்துச் சொல்வாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதுவேன். புத்தகத்தின்படி வெப்பநிலை இறங்கி வந்து 80 பாகை செல்சியசில் நிற்கும். முழுவதும் உறைந்த பின்னரே மீண்டும் இறங்கும். எட்டாவது நிமிடத்தில் அவள் “77” என்றாள். ஒன்பதாவது நிமிடத்தில் “78 அரை” என்றாள். குளிர்ந்துகொண்டிருக்கும் பொருள் திரும்பச் சூடாகுமா? அவள் பிழையாகப் பார்த்துவிட்டாள் என்று நானே தீர்மானித்தேன். நல்ல கொப்பியில் எட்டாவது நிமிடம் தொடங்கிப் பதின்மூன்றாவது நிமிடம் வரை எல்லாவற்றுக்கும் 80 என்று எழுதினேன். வரைபு புத்தகத்தில் உள்ளதுபோலவே வந்தது.

ரீச்சர் அந்த வரைபை நெடுநேரம் பார்த்தார். “பிள்ளை, இந்த வெப்பமானி கொதிக்கிற தண்ணியிலையே தொண்ணூற்றெட்டரைதான் காட்டும். நப்தலீனிலை மட்டும் எப்பிடி அச்சொட்டா எண்பது காட்டினது?” என்று கேட்டார். நான் பேசாமல் நின்றேன். “றஃப் கொப்பியைக் கொண்டு வாரும்” என்றார். அதில் 77 இருந்தது. அவர் ஏசவில்லை. “இதுதானே இண்டைக்கு நீங்கள் ரெண்டு பேரும் கண்டுபிடிச்ச விசயம். அதையல்லோ நீர் அழிச்சுப்போட்டீர்” என்று மட்டும் சொன்னார்.

உருகிய பொருள் சில வேளைகளில் உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் திரவமாகவே நிற்கும். முதற் பளிங்கு தோன்றியதும் அது வெப்பத்தை வெளிவிடும். வெப்பநிலை மீண்டும் உறைநிலைக்கு ஏறும். என் சோடி கண்டது அதைத்தான். எங்கள் வெப்பமானி ஒன்றரைப் பாகை குறைத்துக் காட்டுவது. ஆகவே அவள் சொன்ன 78 அரை உண்மையில் 80. கண்ணால் பார்த்தவள் சரி. புத்தகத்தைப் பார்த்து எழுதியவள் பிழை.

கருவியே தன் வாசிப்பை எழுதிக்கொள்ளட்டும், இடையில் மனிதக் கை வேண்டாம் என்ற எண்ணம் கணினியோடு வந்ததல்ல. மருத்துவத் துறையில் அதற்கு ஒன்றே முக்கால் நூற்றாண்டு வயதாகிறது. 1847 ஆம் ஆண்டில் ஜேர்மனிய உடற்றொழிலியலாளர் கார்ல் லுட்விக், குருதியமுக்கத்தோடு ஏறி இறங்கும் இரசத்தின் மீது ஒரு மிதவையை வைத்தார். மிதவையோடு ஓர் எழுதுமுனையை இணைத்து, சுழலும் உருளையில் சுற்றிய தாளில் கோடு விழச் செய்தார். கைமோகிராப் என்று பெயர் பெற்ற கருவி இதுவே. கண் ஒரு கணத்தில் ஓர் எண்ணைத்தான் பார்க்கும். இந்த உருளையோ ஒவ்வோர் இதயத் துடிப்பும் குருதியமுக்கத்தில் எழுப்பும் அலையை முழுமையாக எழுதிக் காட்டியது. அதே 1847 ஆம் ஆண்டில்தான் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். பின்னர் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர் அவர். ஓரிடத்தில் உடல் தன்னைத் தாளில் எழுதத் தொடங்கிய காலமும், எங்கள் மண்ணில் உடலைப் பற்றித் தமிழில் எழுதத் தொடங்கிய காலமும் ஏறத்தாழ ஒன்று என்பதை நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

லுட்விக்கின் வழியில் 1860 இல் பிரான்சின் எற்றியென் ஜூல் மறே மணிக்கட்டில் கட்டிக்கொண்டு நாடித் துடிப்பை வரையும் சிறு கருவியை அமைத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் வில்லெம் அயின்தோவன் இதயத்தின் நுண்ணிய மின்னோட்டத்தைப் பதியும் கம்பிக் கல்வனோமானியைச் செய்தார். அதன் நிறை ஏறத்தாழ 270 கிலோகிராம். இயக்குவதற்கு ஐந்து பேர் வேண்டும். நோயாளி உப்பு நீர்ப் பாத்திரங்களுள் கைகளையும் காலையும் வைத்துக்கொண்டு இருப்பார். இந்தப் பாரத்தை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல முடியாதபடியால், வைத்தியசாலையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் தூரத்தில் இருந்த தமது ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியாக இதயத்தின் குறிகையைக் கொண்டுவந்தார். உணர்வது ஓரிடம், பதிவது வேறிடம் என்ற இன்றைய முறையின் முன்னோடி அது. அயின்தோவனுக்கு 1924 இல் நோபல் பரிசு கிடைத்தது.

நான் மருத்துவபீடத்தில் சேர்ந்தபோது இந்த வரலாறு இன்னும் முடிந்திருக்கவில்லை. உடற்றொழிலியல் செய்முறை வகுப்பில் புகைக்கரி பூசிய தாளை உருளையில் சுற்றி, தவளைத் தசையின் சுருக்கத்தை அதன் மீது கீறவைத்தோம். வெள்ளைக் கோடு ஒன்று கறுப்பில் எழுந்து விழுந்தது. ஒரு விரல் பட்டாலும் கோடு அழிந்துவிடும். எட்டாவது நிமிடத்தில் நான் செய்ததுபோல ஓசையின்றித் திருத்த அங்கு இடமில்லை. திருத்தியவரின் கைரேகை கரியில் தெரியும்.

கணினி பாடசாலை ஆய்வுகூடத்துக்குள் வந்தது 1980களின் தொடக்கத்தில். அமெரிக்காவில் றொபேட் ரிங்கர் என்ற பௌதிகவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும், அப்பிள் 2 போன்ற சிறு கணினிகளில் விளையாட்டுக் கைபிடி பொருத்துவதற்காக இருந்த துளையில் வெப்ப உணரியையும் ஒளி உணரியையும் இணைத்துப் பார்த்தார்கள். பொலரொய்ட் கமரா தன் முன்னால் நிற்பவரின் தூரத்தை அறியப் பயன்படுத்திய மீயொலி உணரியைக் கழற்றி, அசையும் பொருளின் தூரத்தை அளக்கும் கருவியாக்கினார்கள். ஒறிகன் மாநிலத்தில் டேவிட் வேர்னியர் என்ற பௌதிகவியல் ஆசிரியர் தம் மாணவர்களுக்காக மென்பொருள் எழுதி, 1981 இல் மனைவி கிறிஸ்ரினுடன் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று உலகின் பல பாடசாலைகளில் உள்ள உணரிகளில் அந்தப் பெயரைக் காணலாம். வகுப்பறையில் நின்ற ஆசிரியர்களின் தேவையிலிருந்து இந்த முறை வளர்ந்தது என்பதை இங்கு குறிப்பிட வேண்டும்.

இதன் வேலை எளிது. வெப்ப உணரியின் நுனியில், சூடேறும்போது மின்தடை குறையும் ஒரு சிறு மணி இருக்கிறது. தடை மாற வோல்ற்றளவு மாறும். அந்த வோல்ற்றளவை ஒரு சில்லு எண்ணாக மாற்றும். 0 முதல் 100 பாகை வரையான வீச்சை 1,024 படிகளாகப் பிரித்தால் ஒரு படி ஏறத்தாழ 0.1 பாகை. செக்கனுக்கு எத்தனை தடவை எண் எடுக்க வேண்டும் என்று மென்பொருளுக்கு நாங்கள் சொல்ல வேண்டும். இங்கேதான் மாணவியின் மூளைக்கு வேலை. குளிரும் குழாய்க்குச் செக்கனுக்கு ஒன்று தாராளம். இதயத்தின் மின்குறிகைக்கு அது போதாது. இதயவறைகள் சுருங்குவதைக் காட்டும் கூரிய அலை ஏறத்தாழச் செக்கனின் பத்திலொரு பங்கில் முடிந்துவிடும். மெதுவாக எடுத்தால் அலை இருந்த சுவடே பதிவில் இராது. கருவி பொய் சொல்லவில்லை. நாங்கள் கேட்கத் தவறினோம்.

இந்த முறையால் கற்றலுக்கு என்ன நன்மை? 1987 இல் ஹெதர் பிரசெல் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு ஒன்று என் மனதில் நிற்கிறது. மாணவர்கள் உணரியின் முன் நடந்தார்கள். அவர்களுடைய தூரத்தின் வரைபு திரையில் உடனுக்குடன் வரைந்தது. ஒரே ஒரு பாடவேளையில் அவர்களுடைய விளக்கம் கணிசமாக உயர்ந்தது. இன்னொரு குழுவுக்கு அதே வரைபு 20 முதல் 30 செக்கன் வரை பிந்திக் காட்டப்பட்டது. அவ்வளவு சிறிய தாமதத்திலேயே அந்த நன்மையின் பெரும் பகுதி போய்விட்டது. கால் பின்வாங்கும் அதே கணத்தில் கோடு ஏறுவதைக் கண் காண வேண்டும். அப்போதுதான் படித்திறன் என்ற சொல் உடலுக்குள் இறங்குகிறது. நாங்களோ திங்கட்கிழமை வாசிப்பு எடுத்து வியாழக்கிழமை வரைபு கீறினோம். இடைப்பட்ட மூன்று நாட்களில்தான் எண்களைத் திருத்தும் எண்ணமும் எனக்கு வந்தது.

இனி, இந்த உணரிகள் நான் தினமும் நம்பியிருக்கும் இடத்துக்கு வருகிறேன். கொவிட் காலத்தில் விரல் நுனியில் மாட்டும் ஒட்சிமானி பல வீடுகளுக்கும் வந்தது. ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அஒயாகி 1974 இல் வெளிப்படுத்திய தத்துவம் அது. அவர் செய்துகொண்டிருந்த வேறோர் அளவீட்டில் நாடித் துடிப்பு இடையூறாகக் குறுக்கிட்டது. அதை நீக்கும் வழியைத் தேடியவர், அந்த இடையூற்றுக்குள்ளேயே குருதி ஒட்சிசனின் அளவு ஒளிந்திருப்பதைக் கண்டார். பிழையென்று வீசியெறியப்பட இருந்த துடிப்பை உற்றுப் பார்த்தபடியால் கோடிக்கணக்கானோருக்குப் பயன்படும் கருவி பிறந்தது. அதைப் படித்தபோது என் எட்டாவது நிமிடம் நினைவுக்கு வந்தது.

2022 இல் நாடெங்கும் நீண்ட மின்வெட்டு இருந்த நாட்களில், ஒரு குடும்பத்தை இரவில் எங்களிடம் கொண்டுவந்தார்கள். தலையிடி, வாந்தி, மயக்கம். ஒட்சிமானி எல்லோருக்கும் 98, 99 என்று காட்டியது. உணவு நஞ்சாகியிருக்கலாம் என்பதே முதற் கருத்து. ஆனால் தட்டுத்தடுமாறிப் பேசும் ஒருவருக்கு வாசிப்பு இவ்வளவு அழகாக இருப்பது எனக்கு உறுத்தியது. “வீட்டிலை ஜெனரேற்றர் ஓடினதோ?” என்று கேட்டேன். கதவுகளை அடைத்துவிட்டு, அதைப் பின்விறாந்தையில் ஓடவிட்டுப் படுத்திருந்தார்கள். காபனோரொட்சைட்டு ஈமோகுளோபினைப் பற்றிக்கொண்டால், இரண்டு நிற ஒளிகளை மட்டும் கொண்டு பார்க்கும் ஒட்சிமானிக்கு அது ஒட்சிசன் ஏறிய குருதிபோலவே தெரியும். உடல் மூச்சுத்திணறிக்கொண்டிருக்கத் திரையில் 99 நிற்கும். உடனே முகமூடி வழியாகத் தூய ஒட்சிசன் கொடுத்தோம், எல்லோரும் பிழைத்தார்கள். அன்று என் காதில் ஒலித்தது “எப்பிடி அச்சொட்டா எண்பது காட்டினது?” என்ற குரல்தான்.

இன்னுமொன்று. 2020 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, இந்தக் கருவி கறுப்பின நோயாளரின் ஒட்சிசன் குறைவை வெள்ளையினத்தவரை விட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டதைக் காட்டியது. கருந்தோலில் ஒளி செல்லும் விதம் வேறு. கருவி யாருடைய தோலில் அளவுகோடிடப்பட்டது என்று கேட்கத் தெரிந்தவர்களால்தான் அந்தப் பிழை வெளியில் வந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி பாடத்திட்டத்துக்கு அப்பாற்பட்ட ஒன்றல்ல. அவர்களின் தோலைப் பற்றியது.

கடந்த ஆண்டு விடுமுறையில் கல்லூரிக்குப் போனேன். ரிக்கர் நாடாக் கருவி இருந்த அதே அலுமாரியில் ஒரு பெட்டி இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன்னர் யாரோ அன்புடன் அனுப்பிய உணரிகள், பொலித்தீன் பிரிக்காமலே. அவற்றைப் பொருத்தும் துளை இன்றைய கணினிகளில் இல்லை. மென்பொருள் இருந்த இறுவட்டு வாசிக்கவில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியை இடமாற்றமாகிப் போய்விட்டார். எங்கள் காலத்தில் மின்சாரம் இல்லாமல் ஒரு கருவி அலுமாரிக்குள் இருந்தது. இந்தக் காலத்தில் மின்சாரம் இருந்தும் ஒரு கருவி அதே தட்டில் இருக்கிறது.

என்னிடம் இருந்த வெப்ப உணரி ஒன்றையும் மடிக்கணினியையும் வைத்து, ஆசிரியையின் அனுமதியோடு உயர்தர மாணவியருக்கு ஒரு பரிசோதனை செய்து காட்டினேன். நப்தலீன் ஆவி நல்லதல்ல, சிலருக்குச் செங்குருதிக் கலங்களையே உடைக்கும் என்பதால், 48 பாகையில் உருகும் சோடியம் தயோசல்பேற்றை எடுத்தோம். உருக்கி ஆறவிட்டோம். திரையில் கோடு 48ஐக் கடந்து இறங்கியது. 45, 40, 36. குழாய்க்குள் இன்னும் திரவம். “அக்கா, சென்சர் பழுதாப்போச்சுப் போல” என்றாள் ஒருத்தி. மற்றவள் மென்பொருளைப் பார்த்துவிட்டு, “பிழையான புள்ளியளை அழிக்கலாம் அக்கா, இதிலை ஒரு பட்டன் இருக்கு” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது; கொஞ்சம் நெஞ்சும் அடைத்தது. நான் செய்ததைச் செய்வதற்கு இப்போது அழிறப்பர்கூடத் தேவையில்லை.

“கொதிதண்ணியிலை வைச்சுப் பாருங்கோ, பழுதோ எண்டு தெரியும்” என்றேன். உணரியைக் கழுவி வைத்துப் பார்த்தார்கள். சரியாகக் காட்டியது. திரும்பக் குழாய்க்குள் வைத்து, ஒரு சிறு பளிங்கை உள்ளே போட்டோம். கண்ணெதிரே குழாய் வெண்மையாக இறுகியது. கோடு செங்குத்தாக எழுந்து 48ஐ நோக்கி ஏறியது. வகுப்பே கூவியது. ஏன் ஏறியது என்ற கேள்வியை நான் கேட்கவேண்டி இருக்கவில்லை.

நூற்றாண்டு நிதியின் ஒரு பகுதியை ஆய்வுகூடத்துக்கு ஒதுக்கப் பல நாட்டுக் கிளைகளும் இணங்கியிருக்கின்றன. கொடுப்பவர்களிடம் மூன்று விடயங்களைக் கேட்கிறேன். முதலாவது, கருவிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை ஆசிரியர் பயிற்சிக்கும் திருத்த வேலைக்கும் ஒதுக்குங்கள். ஒருவருக்கு அல்ல, மூவருக்காவது பயிற்சி வேண்டும். இரண்டாவது, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளோடு இயங்குவதை முதலில் தெரிவுசெய்யுங்கள். ஜேர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தார் 2016 இல் வெளியிட்ட பைபொக்ஸ் என்ற செயலி, கைத்தொலைபேசிக்குள் ஏற்கெனவே இருக்கும் உணரிகளையே ஆய்வுகூடமாக்குகிறது. மூன்றாவது, பழைய வெப்பமானிகளை வீசிவிடாதீர்கள். ஒவ்வொரு மாணவியும் முதல் தவணையில் கண்ணால் பார்த்து, றஃப் கொப்பியில் எழுதி, கையால் வரைபு கீறட்டும். ஒரு வாசிப்பு என்றால் என்னவென்று தெரிந்த பின்னர் ஆயிரம் வாசிப்புகளை மென்பொருளிடம் ஒப்படைக்கலாம்.

உலகெங்கும் பரந்திருக்கும் தோழியருக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நாளன்று எல்லோரும் ஒரே பரிசோதனையைச் செய்வோம். ஒரு மீற்றர் நீளமான எளிய ஊசலைக் கட்டி, சிறிய கோணத்தில் ஆடவிட்டு, நூறு அலைவுகளுக்கு எடுக்கும் நேரத்தைத் தொலைபேசியின் செயலியால் அளந்து, புவியீர்ப்பு ஆர்முடுகலைக் கணித்து அனுப்புங்கள். யாழ்ப்பாணத்தில் அது செக்கன் வர்க்கத்துக்கு ஏறத்தாழ 9.78 மீற்றர், லண்டனில் 9.81. நூறு அலைவுகளில் வித்தியாசம் ஏறத்தாழ 0.3 செக்கன்தான். நிறுத்தற் கடிகாரத்தை அமுக்கும் எங்கள் விரலுக்கு அது பிடிபடாது, உணரிக்குப் பிடிபடும். பூமி தட்டையான கோளம் என்பதையும் அது சுழல்கிறது என்பதையும் எங்கள் பழைய மாணவியர் பட்டியலை வைத்தே கல்லூரியின் சிறுமிகளுக்குக் காட்டிவிடலாம்.

விடை எதுவாக வந்தாலும் அப்படியே அனுப்புங்கள். புத்தகத்தைப் பார்த்துத் திருத்த வேண்டாம்.